சமஸ்தானங்களை உண்மையில் ஆண்டது யார்?

நாகர்கோவிலில் 1930 இல் பிறந்த ஒருவர் சட்டப்படி பிரித்தானியப் பிரஜை அல்லர். அவர் திருவிதாங்கூர் மகாராசாவின் குடி. வெளிநாடு போனால் ‘பிரித்தானியப் பாதுகாப்புக்கு உட்பட்டவர்’ என்ற தகுதிதான் அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தவரோ பிரித்தானியப் பிரஜை, ஏனென்றால் திருநெல்வேலி சென்னை மாகாணத்துக்குள் இருந்தது. இரண்டு ஊருக்கும் இடையே மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் போகும் தூரம்கூட இல்லை. இரண்டிலும் தமிழ்தான் பேசினார்கள். ஆனால் நாகர்கோவில்காரர் சக்கரம் என்ற காசில் சாமான் வாங்கினார், அஞ்சல் என்ற திருவிதாங்கூரின் சொந்தத் தபாலில் கடிதம் போட்டார், மகாராசாவின் பெயரால் தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்தில் வழக்காடினார்.

இந்த விசயத்தில் எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் மூன்று பிழையான கருத்துகள் நிலைத்துப்போயிருக்கின்றன. உயர்தர வரலாறு படிக்கும் பிள்ளைகளிடமும் அவை இருக்கின்றன, அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெரியவர்களிடமும் இருக்கின்றன. ஒன்று, வெள்ளைக்காரன் இந்தியா முழுவதையும் நேரடியாக ஆண்டான் என்பது. இரண்டாவது, ராசா இருந்த இடங்களில் வெள்ளைக்காரன் கை வைக்கவே இல்லை என்பது. மூன்றாவது, மட்டக்களப்பின் வன்னியனார்கள் என்ற உள்ளூர்த் தலைவர்களையும் 1815 இன் கண்டிப் பிரதானிகளையும் இந்தியச் சமஸ்தான மன்னர்களோடு ஒரே வரிசையில் வைப்பது. மூன்றும் பிழை. ஏன் பிழை என்பது, அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் விளங்கும்.

காணியை வைத்துப் பார்ப்போம்

உறுதிக் காணிக்கும் அனுமதிப்பத்திரக் காணிக்கும் உள்ள வேறுபாட்டை அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த காணியை எடுத்துக்கொள்ளுங்கள். விதைப்பவர் நீங்கள், விளைச்சல் உங்களுடையது, வரம்பும் வேலியும் உங்களுடையவை. ஆனால் அரசின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது. உங்களுக்குப் பின் காணி யாருக்கு என்றால், பின்னுரித்தாளரின் பெயர் பிரதேச செயலகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். நிபந்தனையை மீறினால் அனுமதிப்பத்திரம் இரத்தாகலாம்.

சமஸ்தானம் என்பது, உள்ளூர் மன்னர் ஒருவர் தன் பெயரால் ஆண்ட, ஆனால் இந்த வகை அனுமதிக்குள் அடங்கியிருந்த நாடு. வைசிராயும் மாகாண ஆளுநர்களும் கலெக்டர்களும் நேரடியாக ஆண்ட மீதிப் பகுதிக்குப் பிரித்தானிய இந்தியா என்று பெயர். சமஸ்தானங்களின் தலைக்குமேல் பிரித்தானிய முடிக்கு இருந்த அதிகாரம் மேலாதிக்கம் எனப்பட்டது. மன்னரை மன்னராக ஏற்கவும், திருத்தவும், கடைசியில் இறக்கவும் கூடிய அதிகாரம் அது.

இந்த ஒப்புமை ஓர் இடத்தில் பொருந்தாது, முக்கியமான விசயமும் அதில்தான் இருக்கிறது. அனுமதிப்பத்திரத்தில் நிபந்தனைகள் அச்சிடப்பட்டிருக்கும். எதை மீறினீர்கள் என்று அதிகாரி காட்ட வேண்டும். சமஸ்தானங்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி முழுமையான பத்திரம் ஒன்றும் கிடையாது. 1947 இல் 560க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. முறையான உடன்படிக்கை இருந்தவை ஏறத்தாழ நாற்பதுதான். உடன்படிக்கை இருந்தவற்றிலும் காலம் போகப் போக எழுத்தில் இல்லாத நிபந்தனைகள் சேர்ந்துகொண்டே போயின.

ராசாவின் கையில் இருந்தவை

முதலில் அளவைப் பிடித்துக்கொள்வோம். பிரிவினைக்கு முந்திய இந்தியாவின் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கும், மக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கும் சமஸ்தானங்களில் இருந்தன. ஆனால் அவை ஒரே அளவானவை அல்ல. ஹைதராபாத் மட்டும் முழு இலங்கையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் பெரியது. திருவிதாங்கூர் நிலத்தில் எங்கள் தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மக்கள்தொகையோ 1941 இல் ஏறத்தாழ 60 லட்சம், அன்றைய இலங்கைக்குக் கிட்டத்தட்டச் சமம். தொண்டைமான்களின் புதுக்கோட்டை இன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அம்பாறை மாவட்டத்தைவிடச் சிறியது. குஜராத்தின் கத்தியவார் குடாநாட்டிலோ இருநூறுக்கும் மேற்பட்ட துண்டுச் சமஸ்தானங்கள் இருந்தன. சிலவற்றைச் சமஸ்தானம் என்று சொல்லவே தயக்கமாக இருக்கும், ஒரு சில கிராமங்கள்தான்.

பெரிய சமஸ்தான மன்னருக்கு வரி விதிக்க, சட்டம் போட, நீதிமன்றம் நடத்த, உத்தியோகத்தர்களை நியமிக்க உரிமை இருந்தது. சில இடங்களில் மரண தண்டனையை உறுதிசெய்யவும் அதிகாரம் இருந்தது. திருவிதாங்கூரில் 28½ சக்கரம் ஒரு பிரித்தானிய ரூபாய்க்குச் சமம். புதுக்கோட்டை தன் அம்மன் காசை அடித்தது.

இல்லாதவையும் தெளிவு. வேறு நாட்டோடு உறவு வைக்க முடியாது, போர் தொடுக்க முடியாது. அனுமதியின்றி ஐரோப்பியரை வேலைக்கு வைக்க முடியாது. ரயில்பாதை தன் நாட்டுக்குள் ஓடினாலும், முக்கியப் பாதைகளின் நிலத்தில் நீதி அதிகாரத்தைப் பிரித்தானியரிடம் ஒப்படைக்க வேண்டும். தண்டவாளத்தின் மேல் நடந்த களவுக்கு மகாராசாவின் பொலிசுக்கு அதிகாரம் இல்லை.

சுருக்கமாக இதுவரை: உள்நாட்டு ஆட்சி மன்னரிடம், வெளியுறவும் பாதுகாப்பும் பிரித்தானியரிடம், அவற்றுக்கு மேல் எல்லை வரையப்படாத மேலாதிக்கம். இந்த நிலைக்கு மன்னர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது அடுத்தது.

படையைக் கொடுத்து நாட்டை வாங்கிய விதம்

வெல்லெஸ்லி 1798 முதல் 1805 வரை மகாதேசாதிபதியாக, அதாவது இந்தியாவிலிருந்த பிரித்தானியத் தலைமை ஆளுநராக, இருந்தார். அவர் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பனி பெருமளவில் பயன்படுத்திய கருவி துணைப்படை உடன்படிக்கை. மன்னரின் நாட்டில் கம்பனி தன் படை ஒன்றை நிறுத்தும். அந்தப் படையின் செலவை மன்னர் கட்டுவார். பதிலுக்குக் கம்பனி அவரை எதிரிகளிடமிருந்து காக்கும். மன்னர் மற்ற ஐரோப்பியரை வெளியேற்ற வேண்டும், கம்பனியின் பிரதிநிதி ஒருவரைத் தலைநகரில் ஏற்க வேண்டும், பிற அரசுகளோடு பேசுவதென்றால் கம்பனி மூலம்தான் பேச வேண்டும்.

கேட்கும்போது நியாயமான பேரம்போலத் தெரியும். மராத்தியரிடமும் மைசூரிடமும் அடிவாங்கிக்கொண்டிருந்த அரசுக்கு அது தேவையாகவும் இருந்தது. பொறி எங்கே இருக்கிறது என்றால், பணம் கட்டும் முறையில். கம்பனிக்கான தொகை ஆண்டுதோறும் நிலையானது, ரொக்கமாகக் கட்ட வேண்டியது. மன்னரின் வருமானமோ மழையையும் அறுவடையையும் நம்பியது. மாரி பொய்த்த ஆண்டில் வெள்ளாண்மை செய்பவனுக்கு என்ன நடக்கும் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். வரி குறையும், படைச் செலவு குறையாது. நிலுவை சேரும். நிலுவையைத் தீர்க்க மன்னர் வட்டிக்கு வாங்குவார், அல்லது குடிகளைப் பிழிவார். அதுவும் முடியாதபோது ரொக்கத்துக்குப் பதிலாக நிலத்தை எழுதிக் கொடுக்கும்படி கம்பனி கேட்கும். நிலம் போனால் வருமானம் இன்னும் குறையும். தன்னைக் காக்க நிற்கும் படைக்குப் பணம் கட்ட முடியாமல், அந்தப் படையையே பார்த்துப் பயப்படும் நிலைக்கு மன்னர் வந்துவிடுவார்.

ஹைதராபாத் நிஜாம் 1798 இல் கையெழுத்திட்டார். ஆறு பட்டாளங்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 24 லட்சம் ரூபாய். அவரிடம் பிரெஞ்சு அதிகாரிகள் பயிற்றுவித்த படை ஒன்று இருந்தது, அது கலைக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 1800 இல், மைசூர்ப் போர்களில் தனக்குக் கிடைத்த பல்லாரி, கடப்பை முதலிய பகுதிகளைப் படைச் செலவுக்காகக் கம்பனிக்கு விட்டுக்கொடுத்தார். அவத் நவாப் 1801 இல் தன் நாட்டில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். 1799 இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் சிறுவன் ஒருவரை அரியணையில் அமர்த்தி மீட்டெடுக்கப்பட்ட உடையார்களின் மைசூருக்கு ஆண்டுக்கு ஏழு லட்சம் நட்சத்திர வராகன் விதிக்கப்பட்டது. ரூபாயில் அது 24½ லட்சம்.

திருவிதாங்கூரின் கதை இன்னும் கசப்பானது. 1795 இல் ஓர் உடன்படிக்கை. 1805 இல் அதைத் திருத்தி ஆண்டுத் தொகையை எட்டு லட்சம் ரூபாயாக்கினார்கள். அந்த 1805 உடன்படிக்கைக்குத் துணைநின்ற தளவாய் (முதலமைச்சர்) வேலுத்தம்பியே, நிலுவையைக் கேட்டு கம்பனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் மெக்காலே கொடுத்த நெருக்கடி பொறுக்காமல் கிளர்ந்தார். 1809 ஜனவரியில் குண்டறையில் அறைகூவல் விடுத்தார். கிளர்ச்சி அடக்கப்பட்டது, அவர் அந்த ஆண்டே இறந்தார். கிளர்ச்சியை அடக்கிய செலவும் திருவிதாங்கூரின் தலையிலேயே விழுந்தது.

ஹைதராபாத்தில் உடன்படிக்கைக்கு வெளியே இன்னொரு படையும் வளர்ந்தது. நிஜாமின் பணத்தில், பிரித்தானிய அதிகாரிகளின் கீழ் இயங்கிய ‘கன்டின்ஜென்ட்’ அது. அமைதிக் காலத்திலும் அதை வைத்திருக்க வேண்டும் என்று எந்த உடன்படிக்கையும் தெளிவாகச் சொல்லவில்லை. அதன் செலவுக் கடன் ஏறி ஏறி, 1853 இல் பருத்தி விளையும் பேரார் மாகாணத்தை நிஜாம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. 1902 இல் அது ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய் வாடகைக்கு நிரந்தரக் குத்தகையாக்கப்பட்டது. பெயரளவில் நிலம் நிஜாமுடையது, அது அவர் கைக்குத் திரும்பவில்லை.

ரெசிடென்ட் என்ன செய்தார்?

ரெசிடென்ட் என்பவர் மன்னரின் தலைநகரில் வசித்த பிரித்தானியப் பிரதிநிதி. சிறிய சமஸ்தானங்கள் பலவற்றைச் சேர்த்து ஒருவர் பார்த்தால் அவர் அரசியல் ஏஜன்ட். 1858க்குப் பின் இவர்களின் மேலிடம் வைசிராய் தன் நேரடிப் பொறுப்பில் வைத்திருந்த வெளியுறவு, அரசியல் அலுவலகம். திருவிதாங்கூர், கொச்சி, புதுக்கோட்டை போன்றவை மட்டும் 1923 வரை சென்னை அரசின் வழியாகக் கையாளப்பட்டன.

ரெசிடென்டைக் கலெக்டர் என்று நினைத்தால் பிழையாகும். அவர் வரி வசூலிக்கவில்லை, வழக்குத் தீர்க்கவில்லை. அவரிடம் இருந்தது ஒரு பங்களா, சில எழுத்தர்கள், முன்ஷிகள் எனப்பட்ட மொழிபெயர்ப்பாளர்கள், ஒரு காவல் அணி. அவருடைய வேலை ‘அறிவுரை’ சொல்வது. அந்த அறிவுரைக்குப் படிகள் இருந்தன. முதலில் நேர்ப்பேச்சு. அடுத்து எழுத்து. அதற்கும் அசையாவிட்டால் வைசிராயிடமிருந்து பட்டுப் பையில் வரும் ‘கரீத்தா’ என்ற முறைசார் மடல். அதன் பின் திவானை, அதாவது முதலமைச்சரை, மாற்றச் சொல்வார்கள். பிறகு மன்னரின் அதிகாரத்தைச் சில காலம் நிறுத்தி ஆட்சிக் குழு ஒன்றை அமைப்பார்கள். கடைசிப் படி பதவி நீக்கம்.

பெரும்பாலான விவகாரங்கள் திவான் படியிலேயே முடிந்தன. யார் திவான் என்பதே ஆட்சி யாருடையது என்பதைத் தீர்மானித்தது. திருவிதாங்கூரில் 1811 முதல் 1814 வரை ரெசிடென்ட் மன்றோவே திவானாகவும் இருந்தார். புதுக்கோட்டையில் 1878 முதல் 1894 வரை சேஷையா சாஸ்திரி திவானாக இருந்தபோது நிர்வாகம் முழுவதும் அவர் கையில்தான் ஓடியது. அவர் நல்ல நிர்வாகி. குளங்களும் வீதிகளும் நகரமும் அவர் காலத்தில் சீரானதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மன்னருக்கும் குடிகளுக்கும் பொறுப்புச் சொல்வதைவிட, தன்னைத் தாங்கிய மேலிடத்துக்கே அப்படிப்பட்ட திவான்கள் கூடுதலாகப் பொறுப்புச் சொன்னார்கள். சமஸ்தானங்களில் நடந்த சீர்திருத்தங்களைப் புகழும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மன்னர் வயது வராதவராக இருந்தால் பிரித்தானியரின் கை இன்னும் நீளும். ஆட்சிக் குழுவும் ஆங்கில ஆசிரியரும் அவர்கள் தெரிவு. மன்னர் குடும்பப் பிள்ளைகளுக்கென்றே அஜ்மீரில் 1875 இல் மேயோ கல்லூரி தொடங்கியது.

அதே 1875 இல் பரோடாவின் மல்ஹார் ராவ் கெயிக்வாட் பதவி நீக்கப்பட்டார். ரெசிடென்ட் ஃபேயர் என்பவரின் பானத்தில் நஞ்சு கலக்கச் செய்தார் என்பது குற்றச்சாட்டு. விசாரணை ஆணைக்குழுவில் பிரித்தானிய உறுப்பினர்களும் இந்திய உறுப்பினர்களும் வேறு வேறு முடிவுக்கு வந்தார்கள். குற்றம் ஒருமித்து நிறுவப்படவில்லை. அரசு அவரைத் தவறான ஆட்சி என்ற காரணத்தின் பேரில் இறக்கியது. எந்த அளவு தவறினால் ‘தவறான ஆட்சி’? அந்த அளவுகோல் எங்கும் எழுதப்படவில்லை.

மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். ரெசிடென்ட் ஒரு தனி மனிதர். உள்ளூர்ச் செய்திகளுக்கு முன்ஷிகளையும் அரண்மனைக் கோஷ்டிகளையும் நம்பியிருந்தார். திறமையான மன்னரோ திவானோ அவரை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது உண்டு. பிரித்தானியருக்கு இந்த ஏற்பாடு பிடித்ததற்கு முதல் காரணம் மலிவு: படைச் செலவை மன்னர் கட்டுகிறார், நிர்வாகச் செலவை மன்னர் கட்டுகிறார், பஞ்சம் வந்தால் பழியும் மன்னருக்கு.

இந்தப் பகுதியில் மனத்தில் வைக்க வேண்டியது: ரெசிடென்டுக்கு ஆணையிடும் அதிகாரம் எழுத்தில் இல்லை, அவர் அறிவுரையை மறுத்தால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிள்ளையில்லாத மன்னர்

டல்ஹௌசி 1848 முதல் 1856 வரை மகாதேசாதிபதி. கம்பனியின் தயவில் உருவான சமஸ்தானத்தில் மன்னர் சொந்த ஆண் வாரிசு இல்லாமல் இறந்தால், தத்துப் பிள்ளைக்கு நாடு போகாது, கம்பனிக்கே சேரும் என்பதை அவர் உறுதியாக நடைமுறைப்படுத்தினார். இதுதான் வாரிசு இழப்புக் கொள்கை. தத்துப் பிள்ளை ஈமக்கடன் செய்யலாம், சொந்தச் சொத்தை எடுக்கலாம், அரியணை கிடையாது. சதாரா 1848 இல் போனது. ஜான்சியும் நாக்பூரும் 1854 இல் போயின. தஞ்சாவூர் மராத்திய மன்னரிடம் 1799க்குப் பின் கோட்டையும் சுற்றுப்புறமும் பட்டமும்தான் மிஞ்சியிருந்தன. 1855 இல் அதுவும் முடிந்தது.

அவத்தை இந்தப் பட்டியலில் சேர்ப்பது பரீட்சைத் தாள்களில் அடிக்கடி வரும் பிழை. 1856 இல் அவத் இணைக்கப்பட்டது தவறான ஆட்சி என்ற பெயரில். வாரிசு அங்கே பிரச்சினையே இல்லை.

1857 இன் பெருங்கிளர்ச்சி இந்தப் போக்கை நிறுத்தியது. ஹைதராபாத்தும் குவாலியர் மன்னரும் பிரித்தானியர் பக்கம் நின்றது கிளர்ச்சி பரவாமல் தடுத்தது என்று மேலிடம் கணக்குப் பார்த்தது. 1858 நவம்பர் 1 ஆம் திகதி விக்டோரியா அரசியின் பிரகடனம், இனி நிலப்பரப்பை விரிவாக்க விருப்பமில்லை, மன்னர்களோடு செய்த உடன்படிக்கைகளைக் காப்போம் என்றது. தத்தெடுக்கும் உரிமையை ஏற்கும் சனத்துகளை, அதாவது உரிமைப் பத்திரங்களை, வைசிராய் கன்னிங் வழங்கினார்.

தத்து என்றால் மகனைத்தான் என்றில்லை. திருவிதாங்கூர் அரச குடும்பம் மருமக்கள் வழி: அரியணை மன்னரின் மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். தாய்வழிக் குடி முறையில் வாழும் மட்டக்களப்பாருக்கு இது உடனே விளங்கும். பெண் இல்லாவிட்டால் வம்சமே அற்றுவிடும் என்பதால் 1900 இல் அந்தக் குடும்பம் இரண்டு சிறுமிகளைத் தத்தெடுத்தது. அதற்கும் பிரித்தானியரின் ஒப்புதல் வேண்டியிருந்தது. நாட்டைப் பறிப்பது நின்றது. அடுத்தவர் யார் என்பதை ஏற்கும் பேனா அவர்கள் கையிலேயே இருந்தது.

புதுக்கோட்டை மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915 இல் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற அவுஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். சமஸ்தானம் கப்பம் கட்டாதது, கம்பனியின் ஆரம்பப் போர்களிலிருந்தே விசுவாசமான கூட்டாளி. எந்த உடன்படிக்கையும் அவர் யாரை மணக்கலாம் என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணை ராணியாக ஏற்கப் பிரித்தானிய அரசு மறுத்தது, அவர்களின் மகனை வாரிசாக ஏற்கவும் மறுத்தது. 1922 இல் தொண்டைமான் ஆட்சியை விட்டு விலகினார், 1928 இல் பாரிசில் இறந்தார். அரியணை குடும்பத்தின் வேறு கிளையிலிருந்து தெரிவு செய்யப்பட்ட ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் போனது. அப்போது அவருக்கு ஆறு வயது.

ஏன் எல்லையை எழுதவில்லை?

பேராரைத் திரும்பக் கேட்டு நிஜாம் நெடுநாள் வாதாடினார். தன் முன்னோர் கையெழுத்திட்டது இரண்டு அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கை, ஆகவே சமமாகப் பேசலாம் என்பது அவர் வாதம். 1926 மார்ச் 27 ஆம் திகதி வைசிராய் ரீடிங் பதில் எழுதினார்: இந்தியாவில் பிரித்தானிய முடியின் இறைமையே மேலானது, அந்த மேன்மை உடன்படிக்கைகளிலிருந்து மட்டும் பிறந்ததல்ல, அவற்றுக்கு அப்பாலும் இருப்பது, எந்த மன்னரும் சம நிலையில் நின்று பேச முடியாது. மிக உயர்ந்த 21 பீரங்கிக் குண்டு மரியாதை பெற்ற ஐந்து மன்னர்களில் முதல்வருக்கே இந்தப் பதில் என்றால் மற்றவர்களின் நிலை என்ன?

கலங்கிய மன்னர்கள் மேலாதிக்கத்துக்கு வரையறை கேட்டார்கள். 1927 இல் பட்லர் குழு அமைந்தது. 1929 இல் அது கொடுத்த அறிக்கையின் சாரம்: மேலாதிக்கம் மேலாதிக்கமாகவே இருக்க வேண்டும், காலத்தின் தேவைக்கேற்பத் தன்னைத் தானே வரையறுத்துக்கொள்ளும். வரையறை கேட்டவர்களுக்கு வரையறுக்க மாட்டோம் என்பதே பதில். காரணம் எளிது: எல்லையை எழுதிவிட்டால் எல்லைக்கு இந்தப் பக்கம் மன்னருக்கு உறுதியான உரிமை பிறந்துவிடும்.

விதிவிலக்கு உண்டு. 1831 இல் மைசூர் நிர்வாகத்தைத் தாமே எடுத்த பிரித்தானியர் ஐம்பது ஆண்டு கழித்து 1881 இல் திருப்பிக் கொடுத்தபோது, நிபந்தனைகளை வரிசையாக எழுதிய கையளிப்புப் பத்திரம் ஒன்றைக் கொடுத்தார்கள். மன்னர்கள் இதைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை. நிபந்தனைகள் அவ்வளவு கடுமையானவை.

1947 இல் என்ன முறிந்தது?

1947 இன் இந்திய சுதந்திரச் சட்டம் மேலாதிக்கத்தை இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ மாற்றவில்லை. அது காலாவதியாகும் என்றுதான் சொன்னது. ஆகவே ஏட்டளவில் ஒவ்வொரு சமஸ்தானமும் தனித்து நின்றது. அந்த இடைவெளியை நிரப்ப வல்லபாய் பட்டேலும் செயலாளர் வி. பி. மேனனும் இணைப்புப் பத்திரம் ஒன்றை முன்வைத்தார்கள்: பாதுகாப்பு, வெளியுறவு, தொடர்பாடல் என்ற மூன்றை மட்டும் இந்தியாவுக்கு ஒப்படைக்கும் பத்திரம். மன்னர்கள் ஏற்கனவே பெரும்பாலும் கையில் வைத்திராத மூன்றையே கேட்டதால் பெரும்பாலோர் ஓகஸ்ட் 15க்குள் கையெழுத்திட்டார்கள். தனி நாடாவோம் என்று ஜூனில் அறிவித்த திருவிதாங்கூர்த் திவான் சி. பி. ராமசுவாமி ஐயர் ஜூலை 25 ஆம் திகதி வெட்டப்பட்டுக் காயமடைந்தார். சில நாட்களில் திருவிதாங்கூர் இணைந்தது. ஹைதராபாத் 1948 செப்டெம்பரில் இந்தியப் படை நுழையும்வரை இணையவில்லை. புதுக்கோட்டை 1948 மார்ச் 3 ஆம் திகதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்ந்தது. மன்னர்களுக்கு வாக்களித்த மானியம், மைசூருக்கு ஆண்டுக்கு 26 லட்சம், திருவிதாங்கூருக்கு 18 லட்சம் என்று ஓடி, 1971 இல் அரசியலமைப்புத் திருத்தத்தால் நின்றது.

இலங்கையில் சமஸ்தானம் இருந்ததா?

இல்லை. ஆனால் ஒருமுறை முயன்று பார்த்தார்கள். மட்டக்களப்புக் கோட்டை 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைக்கு வந்தது. 1796 முதல் 1798 வரை கரையோரத்தைச் சென்னையிலிருந்து கம்பனி நிர்வகித்தது. 1802 முதல் இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடு. கொழும்பிலிருந்த தேசாதிபதி லண்டனுக்குப் பதில் சொன்னார். இந்திய வைசிராய் ஒருபோதும் இலங்கையை ஆளவில்லை.

வெல்லெஸ்லி அங்கே துணைப்படை உடன்படிக்கைகளைக் குவித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இங்கே தேசாதிபதி நோர்த் கண்டிக்கு அதே வகை ஏற்பாட்டைத்தான் நாடினார். 1803 இல் நாயக்கர் குடும்பத்து முத்துசாமியைக் கண்டியில் மன்னராக அமர்த்தி, மேஜர் டேவியின் கீழ் காவற்படையை நிறுத்தினார்கள். ஜூன் மாதத்தில் கண்டிப் படை சூழ்ந்துகொண்டது. காவற்படை அழிந்தது, முத்துசாமி கொல்லப்பட்டார். உணவும் வழியும் தொடர்பும் இல்லாத மலைநாட்டில் நோயில் விழுந்த சிறு படையை வைத்து ஒருவரை மன்னராக்க முடியாது என்பதை அந்த ஆண்டு காட்டியது.

1815 மார்ச் 2 ஆம் திகதிக் கண்டி உடன்படிக்கையில் வேறு வழியை எடுத்தார்கள். மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நீக்கப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டார், பிரித்தானிய அரசரே கண்டிக்கும் அரசரானார், பிரதானிகளின் உரிமைகள் காக்கப்படும் என்று எழுதப்பட்டது. கண்டியில் பிரித்தானிய அதிகாரி டொய்லிக்கு ரெசிடென்ட் என்ற பதவிப் பெயர் இருந்ததால்தான் பலர் குழம்புகிறார்கள். அவர் பக்கத்தில் அறிவுரை கேட்க மன்னர் இல்லை. 1817–18 கிளர்ச்சிக்குப் பின், 1818 நவம்பர் 21 ஆம் திகதிப் பிரகடனம் பிரதானிகளின் உரிமைகளையும் பெரிதும் வெட்டியது.

எங்கள் பக்கத்து வன்னியனார் இன்னும் தெளிவான விசயம். பற்றுகள் என்ற நிர்வாகப் பிரிவுகளின் தலைவராக அவருக்கு மரியாதையும் செல்வாக்கும் இருந்தன. ஆனால் பிரித்தானியர் காலத்தில் அவர் அரசாங்க அதிபரின் கீழ் இருந்த தலைமைக்காரர். நியமிப்பதும் நீக்குவதும் அரசு. தன் பெயரால் காசு அடிக்கவில்லை, நீதிமன்றம் நடத்தவில்லை, உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அவருக்கு மேலிருந்தவர் ரெசிடென்ட் அல்லர், கச்சேரி என்ற மாவட்ட அலுவலகத்தில் இருந்து நேரடியாக ஆண்ட அதிகாரி.

ஆவணம் தேடுபவர்களுக்கு இந்த வேறுபாடு நேரத்தை மிச்சமாக்கும். புதுக்கோட்டைக் குடி ஒருவரின் பழைய வழக்கைத் தேடினால் சமஸ்தான தர்பாரின் பதிவுகளையும், அதோடு ஏஜன்டின் கடிதங்களையும் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு கோப்புகள். மட்டக்களப்பின் காணியோ வரியோ என்றால் கச்சேரிப் பதிவுகளும் கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களமும்தான் இடம். 1796–1798 ஆகிய அந்தக் குறுகிய காலத்துக்கு மட்டும் சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.